என்ன சட்டை போட்டிருக்கிறாய்?

தேன்கனிக்கோட்டை
8.2.2026

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஒன்றாம் தேதியே பணம் வந்துவிட்டது. இனிமேல் அனுப்ப வேண்டாம். என் சம்பளமே எங்கள் இருவருக்கும் போதும். மேட்டுத் தோட்டத்து ராகியும் இந்த முறை யானைக்குத் தப்பி வீடு வந்து சேர்ந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. கிணற்று விஷயத்தில் பெரியப்பா இன்னும் இறங்கி வரவில்லை.

புதன்கிழமை பள்ளியில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பிப்ரவரி முதல் புதன்கிழமை உலக உரக்க வாசிப்பு நாள். வெளிநாடுகளில் அன்றைக்குக் குழந்தை எழுத்தாளர்கள் வீடியோ அழைப்பில் வகுப்பறைக்கே வந்து கதை படிப்பார்கள் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். நான் மறக்கவில்லை. சென்னையில் இருக்கும் ஓர் எழுத்தாளருக்கு நானே எழுதிக் கேட்டேன். பிள்ளைகள் புத்தகத்தை முன்பே படித்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஐந்து பிரதிகளை வாங்கி, 32 பேரும் இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் படித்தார்கள். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகள் தமிழில் கேள்வி எழுதினார்கள், தம்பி. ஜூமில் பணம் கட்டாவிட்டால் 40 நிமிடத்தில் அழைப்பு அறுந்துவிடும் அல்லவா? பன்னிரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அந்தக் கதையில் வரும் யானை, வழி தவறிய சிறுமியை வீட்டில் கொண்டுவந்து விடும். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்கள் ஊர் யானை அப்படி இல்லை. கார்த்திகையில் வந்து எங்கள் ராகியை எல்லாம் தின்றுவிட்டது. அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நீங்கள் யானையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டாள். பன்னிரண்டில் அது இல்லவே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கோயிலில்தான் பார்த்திருக்கிறேன். உன் யானையைப் பற்றி நீ எழுது, நான் படிக்கிறேன்" என்றார். அவள் நான்கு பக்கம் எழுதிவிட்டாள்.

பாதியில் டவர் இழுத்தது. அவர் முகம் வாய் திறந்தபடி திரையில் உறைந்து நின்றது. படத்தை நிறுத்தினால் குரலாவது தெளிவாக வரும் என்று இரண்டு பக்கமும் கேமராவை அணைத்தோம். பிள்ளைகள் வாடிப்போனார்கள். அப்போது அவர், "சரி, ஒவ்வொருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஒருவன் எனக்கு முன்பல் இரண்டு இல்லை என்றான். ஒருத்தி அக்காவின் சட்டையைப் போட்டிருக்கிறேன், கை நீளமாக இருக்கிறது என்றாள். ஆண்டு முழுவதும் என்னிடம் வாய் திறக்காத ஒரு பையன் இருக்கிறான். அவன் முறை வந்தது. சத்தமே இல்லை. "சொல்லுடா" என்று நான் அதட்டப் போனேன். "டீச்சர், இருக்கட்டும், நான் காத்திருக்கிறேன்" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. 40 நிமிடத்தில் எவ்வளவு போயிற்றோ தெரியாது. கடைசியில் அவன், "நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்" என்றான்.

தீபாவளிக்குப் பிறகு உன் போனில் கேமரா வேலை செய்யவில்லை என்கிறாய். அஞ்செட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே படித்துப் பள்ளியில் முதலாவதாக வந்த பிள்ளை நீ. இன்றைக்கும் ஆசிரியர் அறையில் உன் பேச்சுத்தான் பேசுகிறேன். புனேயில் ஒரு போனைச் சரிசெய்ய ஆள் இல்லையா? பொங்கலுக்கும் வரவில்லை. சின்ன அத்தை கேட்டபோது லீவு கிடைக்கவில்லை என்று நானாகத்தான் சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிடு. பணம் அனுப்பாதே.

தம்பி, தீபாவளி இரவு நான் பின்கட்டில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது நீ வந்து படியில் உட்கார்ந்தாய். "அம்மா, ஒன்று சொல்ல வேண்டும்" என்றாய். எண்ணெய்ச் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்திருப்பாய். விழுந்தது. உன் முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது நீ என்ன சொல்லிவிடுவாயோ என்று, தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ இல்லை. அன்றைக்கே மாடிக்கு வந்து கேட்டிருக்கலாம். மறுநாள் ஓசூர் பஸ் நிலையத்தில் கேட்டிருக்கலாம். ஊரார் பிள்ளைக்காக யாரோ ஓர் எழுத்தாளர் காத்திருந்தார். நான் பெற்ற பிள்ளைக்காக அடுப்பை அணைத்துவிட்டு நான் உட்காரவில்லை. தப்பு என்னுடையதுதான்.

வேலை விஷயமா, வேறு ஏதாவதா என்று கேட்க மாட்டேன். கேமராவும் வேண்டாம். அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு அப்பா கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்விடுவார். அப்போது கூப்பிடு. என்ன சட்டை போட்டிருக்கிறாய், தாடி வளர்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய் என்று மட்டும் சொல். பிறகு பேசாமல் இருந்தாலும் சரி, நான் போனை வைக்க மாட்டேன்.

ராகி மாவு இரண்டு கிலோ அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். களி கிண்டத் தெரியாவிட்டால் கூழாகவாவது காய்ச்சிக் குடி. பணம் அனுப்பாதே, கண்ணு.

அம்மா