தாய் பெயர் இருந்தால் தாய்வழி ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

அயர்லாந்துப் புராணத்துத் தாய்மாரைப் பற்றித் தங்கள் வாரமலரில் வந்த கட்டுரை, அயர்லாந்தவரும் மட்டக்களப்பாரைப் போலத் தாய்வழிக் குடியினரே என்று முடிகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாரம்தான் இடம் கொடுக்கவில்லை.

நம் பக்கம் குடி, அதாவது குலக்கிளை, தாயிடமிருந்து வருகிறது; ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்காயர் என்ற நிர்வாகப் பொறுப்புகளும் குடிவழியே. முக்குவர் சமூகத்தின் வழமைச் சட்டத்தில் முதுசக் காணி, அதாவது பரம்பரை நிலம், சகோதரியின் மகனுக்குப் போனது. ஆகவே பார்க்கவேண்டியது உரித்து யாருக்குப் போகிறது என்பதை.

கட்டுரையாளர் பெயரைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். புராணத்தில் அல்ஸ்ரர் நாட்டு அரசன் கொன்கோவர், தாய் பெயரால் 'நெஸ்ஸின் மகன்' என்று அழைக்கப்படுவது உண்மை. அரியணை எப்படிக் கிடைத்தது? அரசன் ஃபெர்கஸ் நெஸ்ஸைப் பெண் கேட்டான். ஓராண்டுக்கு என் மகன் ஆளட்டும் என்றாள் அவள். அந்த ஓராண்டுக்குள் வீரர்களுக்குப் பொன்னும் வெள்ளியும் வாரி இறைத்தாள். தவணை முடிந்தபோது ஃபெர்கஸைத் திரும்பக் கூப்பிட ஆளில்லை. தாய்வழி உரித்து இருந்திருந்தால் இந்தச் சூழ்ச்சிக்கே தேவை இல்லையே!

கட்டுரை தொடாத ப்ரெஸ், லூ என்ற புராண வீரர்களின் கதைகள் இன்னும் தெளிவானவை. ப்ரெஸின் தாய் ஏரியு, துவாதா டே டனன் குலத்தவள். தகப்பன் எலாதா, பகைக் குலமான ஃபோமோரியன். தாய்க்குலம் அவனை அரசனாக்கியது. கஞ்சன், அவன் வீட்டு விருந்தில் கத்தியில் கொழுப்பு ஒட்டாது, வாயில் மது மணக்காது. பதவி பறிபோனதும் தகப்பன் அடையாளமாக விட்டுச்சென்ற மோதிரத்தைத் தாய் எடுத்து அவன் விரலில் போட, அது பொருந்தியது. அதோடு தகப்பன் ஆட்களிடம் போய்ப் படை கேட்டான். லூவுக்கு எல்லாம் நேர்மாறு. தாய் எத்னியு ஃபோமோரியப் பெண். அவன் தகப்பன் குலத்துக்காகப் போரிட்டு, தாயின் தந்தை பாலோரையே கொன்றான். இரண்டு பேரும் கடைசியில் நின்றது தகப்பன் பக்கம்.

பழைய அயர்லாந்துச் சட்டமும் அப்படியே. காணி, ஒரே பூட்டனின் ஆண்வழி வாரிசுகளுக்குள் பிரிந்தது. மகன் இல்லாத வீட்டில் மகளுக்குப் பொதுவாக ஆயுள் உரிமை மட்டும். அவளுக்குப் பின் காணி தகப்பனின் பங்காளிகளுக்கே திரும்பும். புராணத்தில் கொனாக்ட் நாட்டு அரசு தனக்குத் தாய்வழி வந்ததாக அதன் அரசன் அலில் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அதே பேச்சில் அவன் மனைவி மேவ், அதைத் தனக்குத் தந்தது தன் தகப்பன் என்கிறாள்.

நம் குடிமுறைக்கு ஒப்பீடு வேண்டுமானால் கேரளத்து மருமக்கத்தாயம் இருக்கிறது. அங்கே தறவாட்டுச் சொத்தே, அதாவது கூட்டுக்குடும்பச் சொத்தே, பெண்வழி சென்றது.

வாசகர்,
களுவாஞ்சிகுடி