அடைப்பு நீக்கும் பொடி தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்க் அடைப்பை நீக்கும் பொடியும் திரவமும் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் எங்கள் வீட்டுச் சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றுவிட்டது. ராத்திரி நேரம், கழுவ வேண்டிய பாத்திரம் குவிந்து கிடந்தது. வீட்டில் இருந்த பொடியை எடுத்துக் கொட்டினேன். தேங்கிய தண்ணீர் சூடாகி லேசாக நுரைத்தது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு இன்னொரு பொட்டலத்தையும் கொட்டினேன். காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் அதே மட்டத்தில் நிற்கிறது.

பிளம்பர் வந்தார். சிங்க்குக்கு அடியில் குனிந்தவர், எதிலும் கை வைக்காமல் முதலில் கேட்டது ஒன்றுதான்: "ஏதாவது ஊத்துனீங்களா?"

ஆமாம் என்றேன். எழுந்து நின்று முழுக்கைச் சட்டையை மேலே ஒதுக்கிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வேறொரு வீட்டில், பொடி போட்டதை யாரும் சொல்லாததால் குழாயைக் கழற்றிய அன்று வந்த தழும்பு. அப்புறம் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கீழே பக்கெட்டை வைத்து, டிராப்பை, அதாவது சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயை, மெதுவாகத் திருகிக் கழற்றினார். உள்ளே பொடி வெள்ளைக் கல்லாக இறுகிக் கிடந்தது. அதற்குப் பின்னால், பாத்திரம் தேய்க்கும் நாரின் பிசிறு சுற்றிக்கொண்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடி, குறுக்கே சிக்கியிருந்தது. எத்தனை பொட்டலம் கொட்டியிருந்தாலும் அந்த மூடி கரைந்திருக்காது.

இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் விற்பவற்றில் பலவற்றில் இருப்பது காஸ்டிக் சோடா. அது தண்ணீரில் கரையும்போது சூடு கிளம்பும், கொழுப்போடு சேர்ந்தால் சோப்பாக மாறும். எண்ணெய்ப் பிசுக்கு விடுபடுவது அதனால்தான். தண்ணீர் மெதுவாகவாவது இறங்கும்போது அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டுகூட நகராத குழாயில் பொடி அடைப்பு வரை எப்படிப் போய்ச் சேரும்? தேங்கிய தண்ணீரில் கரைந்து வீரியம் குறையும், இல்லாவிட்டால் அடியில் படிந்து இறுகும். அடைப்பு போகாததோடு, குழாய் முழுக்கத் தோலை அரிக்கும் தண்ணீரும் நிற்கும். பொட்டலத்தின் முன்பக்கம் இதைச் சொல்வதில்லை. 'கொட்டுங்கள், காத்திருங்கள்' என்பது பெரிய எழுத்தில், எச்சரிக்கை பின்பக்கத்தில், கண்ணை இடுக்கிப் படிக்கும் அளவில்.

தண்ணீர் நின்றுபோனால் கைதான் முதல் வைத்தியம். இதை அந்தப் பிளம்பர்தான் சொல்லிக் கொடுத்தார். பிளஞ்சர் என்பது கைப்பிடியின் நுனியில் ரப்பர் கிண்ணம் வைத்த கருவி; சிங்க்கில் அந்த ரப்பர் முழுகும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். மேலே உபரித் தண்ணீர் போகும் ஓட்டை இருந்தால் ஈரத்துணியால் அழுத்தி மூட வேண்டும், இரண்டு தொட்டி சிங்க் என்றால் அடுத்த தொட்டியின் வாயையும். இல்லாவிட்டால் அழுத்தம் அந்த வழியாகவே ஓடிவிடும். பிறகு ரப்பரை எடுக்காமல் 15, 20 தடவை அழுத்தி இழுக்க வேண்டும். கீழே தள்ளுவதைவிட மேலே இழுப்பதுதான் பல சமயம் அடைப்பை அசைக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் டிராப்பைக் கழற்றலாம். பிளாஸ்டிக் டிராப்பாக இருந்தால் பெரும்பாலும் கையாலேயே திருகிவிடலாம். பழைய டூத்பிரஷால் தேய்த்து, வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டி, தண்ணீர் விட்டபடி காய்ந்த காகிதத்தால் இணைப்பைத் துடைத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். அடைப்பு அதையும் தாண்டிச் சுவருக்குள் இருந்தால் ஸ்பிரிங் கம்பி வேண்டும். இதில் எதற்குமே பொடி தேவையில்லை. பொடி போட்ட பிறகோ, இதில் ஒவ்வொன்றும் ஆபத்தாகிவிடுகிறது. பிளஞ்சரை அழுத்தினால் தெறிப்பது முகத்தில்.

அதனால் கேட்கிறேன். 'தண்ணீர் முழுவதும் தேங்கி நின்றால் பயன்படுத்தாதீர்கள்' என்பதைப் பொட்டலத்தின் முன்பக்கத்தில், உங்கள் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். பிளாஸ்டிக் மூடி, பாத்திரம் தேய்க்கும் நார் போன்றவற்றை இது கரைக்காது என்று சொல்லுங்கள். ஒரு பொடி வேலை செய்யவில்லை என்று இன்னொன்றைக் கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். காஸ்டிக்கும் ஆசிட்டும் ஒரே குழாயில் சந்தித்தால் கொதித்து மேலே தெறிக்கும், ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அதைப் படம் போட்டே காட்டலாம். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவரைத் தேட வேண்டும் என்பதும் முன்னால் வரட்டும். குழந்தை திறக்க முடியாத மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இன்னும் ஒன்று. ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு சின்ன அட்டை வையுங்கள், குழாயில் மாட்டும்படி ஓட்டை போட்டு: 'இந்த சிங்க்கில் பொடி கொட்டப்பட்டிருக்கிறது. திறக்காதீர்கள்.' கொட்டியவர் வெளியே போயிருப்பார், வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது, பிளம்பர் கேட்டாலும் பதில் இருக்காது. அட்டை அங்கே தொங்கினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பொடியை வாங்கிய ஒருவர்