செந்திலுக்கு, பருப்புப்பொடியோடு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சுதா பையன் வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். லீட்ஸுக்குப் போகிற வழியில் உன் மான்செஸ்டரில் இறங்குவானாம். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, கொஞ்சம் நாரத்தங்காய் கொடுத்திருக்கிறேன். ரெண்டு கிலோவுக்கு மேல் தூக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டான், அதனால் முறுக்கு இல்லை. பொடியை ஃபிரிட்ஜில் வைக்காதே, நமுத்துப் போகும். போன தடவை அப்படித்தான் செய்தாய்.

முதலில் ஒரு விஷயம். இந்த மாசம் பணம் அனுப்ப வேண்டாம். அப்பாவுடைய டெபாசிட் ஒன்று முதிர்ந்து வந்திருக்கிறது, அதை என்ன செய்வது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

நேற்று ஓவல் டெஸ்டில் இந்தியா இங்கிலாந்தை ஆறு ரன்னில் ஜெயித்ததைப் பார்த்திருப்பாய். சிராஜ் கடைசி ஸ்டம்பைத் தெறிக்கவிட்டபோது அப்பா மூட்டுவலியை மறந்து சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார். இங்கிலாந்தின் அந்த ஒற்றைக் கை வோக்ஸைப் பார்த்து எனக்குத்தான் அழுகை வந்தது. தோள் இறங்கிப்போய், கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு வந்து நின்றானே, யார் பெற்ற பிள்ளையோ. மேட்ச் முடிந்து வெகுநேரம் அப்பா போனை மடியிலேயே வைத்திருந்தார். சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தார். ஆடிப்பெருக்கு அன்றும் இப்படித்தான். நீ வேலையாக இருந்திருப்பாய்.

உன் ஊர் மேட்சைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஓல்ட் டிராஃபோர்ட் உன் வீட்டிலிருந்து டிராமில் எத்தனை நேரம் என்று எனக்கே தெரியும். இந்தியா அங்கே வந்து ஐந்து நாள் ஆடியது. கேமரா கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் அந்த நீலச் சட்டைகளுக்கு நடுவே உன் கண்ணாடியைத் தேடினேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். 2023-ல் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஆஷஸுக்கே மூன்று டிக்கெட் வாங்கினவன் நீ. சரி, கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை.

ஆனால் நீ போயிருக்க வேண்டும்டா. 311 ரன் பின்தங்கி, முதல் ஓவரிலேயே ரெண்டு விக்கெட், போர்டில் பூஜ்யம். அப்பா டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ராகுலும் கில்லும் நின்றார்கள், அப்புறம் ஜடேஜாவும் வாஷிங்டனும் கடைசிவரை நின்றார்கள். 425-க்கு 4. வாஷிங்டன் அப்பா நம்ம திருவல்லிக்கேணி ஆள், அதனால் தெருவில் எல்லோருக்கும் அவன் சொந்தக்காரன் மாதிரி. மளிகைக் கடைக்காரர் எனக்கே ஸ்கோர் சொல்கிறார், நான் ஐந்து நாளும் பார்த்தேன் என்பது தெரியாமல். இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் டிரா என்று முடித்துக்கொள்ளக் கை கொடுக்க வந்தபோது வேண்டாம் என்று இவர்கள் தொடர்ந்து ஆடியதைச் சிலர் தப்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாள் முழுக்க வெயிலில் நின்றவனுக்கு அவன் சதம் அவனுடையது.

அந்த மைதானத்தில் டிரா என்றாலே எனக்கு நாம் மூன்று பேரும் போன சனிக்கிழமைதான் ஞாபகம் வருகிறது. ஜூலை மாசத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மேலே நீ வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் கோட்டு, மடியில் ஃபாயிலில் புளியோதரை. காலையெல்லாம் மழை. சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் ஆட்டம் தொடங்கியது, மொத்தம் 30 ஓவர். ஆஸ்திரேலியாவின் லபுஷேன் 111. வெளிச்சம் போதாது, வேகப்பந்து கூடாது என்று அம்பயர்கள் சொல்லிவிட, மார்க் வுட்டை வைத்துக்கொண்டு ரூட்டும் மொயீன் அலியும் சுழலையே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்துகூட இல்லை. ஆஸ்திரேலியா இன்னும் 61 ரன் பின்னால்தான் இருந்தது, கையில் ஐந்து விக்கெட். ஆனால் மழையோடு மழையாக ஆஷஸைத் தக்கவைத்துக்கொண்டு போய்விட்டார்கள். டிராமில் உன் பக்கத்தில் உட்கார்ந்த அந்தப் பெரியவர், இங்கிலாந்துக்காரர், ஆஸ்திரேலியாவைத் திட்டவில்லை, வானத்தைத்தான் திட்டிக்கொண்டு வந்தார்.

1890-லும் 1938-லும் இதே மைதானத்தில் ஒரு பந்துகூடப் போடாமல் முழு டெஸ்டே கைவிடப்பட்டது என்று நீதான் அன்றைக்குச் சொன்னாய். மேற்கே கடல், கிழக்கே மலை, மேகம் வேறு எங்கே போகும் என்றாய். எவ்வளவு சொன்னாய் அன்று! அந்த பெவிலியன், குண்டு விழுந்த கதை எல்லாம். அப்பா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவு படுக்கும்போது, இவன் இந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டான் என்றார். வருத்தமா பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை. பெருமைதான் என்று வைத்துக்கொள்.

மழை வரும் என்று ஊருக்கே தெரிந்தும் 592 வரை அடித்துக்கொண்டிருந்தது இங்கிலாந்தின் தப்பு என்று அப்பா இன்றும் சொல்வார். பேர்ஸ்டோவை 99-ல் நிற்கவைத்து நேரத்தை விட்டார்கள் என்பார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஓட்டத்தில் அடிக்காமல் இருந்தால் அவர்களுக்கு அந்த 275 ரன் முன்னிலையே கிடைத்திருக்காது. மழைக்குப் பயந்து பாதியில் மட்டையை மூடிவைக்க முடியுமா?

மான்செஸ்டர்க்காரர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது சொல்லு. பொங்கலுக்கு டெஸ்ட் வைத்துக்கொண்டிருந்த சேப்பாக்கத்தில் அக்டோபர் பாதியில் ஆஸ்திரேலியாவைக் கூப்பிட்டார்களே 2004-ல். ஐப்பசி அடைமழை என்று இங்கே எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரியும். அந்த அட்டவணை போட்டவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. உனக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதியது நான்தான். ஜெயிக்க 229. முந்தின நாள் சாயங்காலம் சேவாக்கும் யுவராஜும் 19 அடித்து வைத்திருந்தார்கள், பாக்கி 210, பத்து விக்கெட்டும் கையில். கும்ப்ளே அந்த மேட்சில் 13 விக்கெட் எடுத்திருந்தார், சேவாக் முதல் இன்னிங்ஸில் 155. நீ ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. விடியற்காலை ஓட்டின் மேல் சத்தம் கேட்டதும், தண்ணி லாரிம்மா, மழை இல்லை என்று என்னிடமே அடித்துச் சொன்னாய்.

வாலாஜா ரோட்டில் குடையோடு நின்றோமே, அது உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. பட்டாபிராமன் கேட் பக்கம் முழங்கால் வரை தண்ணீர், உன் வெள்ளை கேன்வாஸ் ஷூ மிதந்துகொண்டு போனது. மாமா ஓடிப்போய்ப் பிடித்தார். மூர்த்தி மாமா வாங்கின டிக்கெட் என் ரவிக்கைக்குள் நனைந்து மையெல்லாம் இறங்கிவிட்டது. மழை விட்டு விட்டுப் பெய்தது. விட்டபோதெல்லாம் கூட்டம் கத்தும். எனக்கு மழைமேல் கோபமே இல்லை, அது பெய்யத்தான் செய்யும். ஆட்டம் உண்டா இல்லையா என்று ஒரு ஆளாவது வந்து சொல்லியிருக்கலாம். உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும், பிட்சைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியே நிற்கிறவன்தான் தெரியாமல் நின்றுகொண்டே இருக்கிறான். இல்லை என்று சொல்லியிருந்தால் நான் பாட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு ரத்னா கபேயில் இட்லி வாங்கிக் கொடுத்திருப்பேன், சாம்பாரை வாளியோடு ஊற்றுவார்கள், நீயும் அழுகையை மறந்திருப்பாய். இல்லை என்பதைத் தாங்கிக்கொள்ள முடியும் செந்தில். சொல்லாமல் வைப்பதுதான்.

சரி விடு, பழைய கதை. எல்லோரும் மழையையே சொல்கிறார்கள், எனக்கு ஆஸ்திரேலியாவின் மார்ட்டினும் கில்லெஸ்பியும்தான் உறுத்துகிறது. கில்லெஸ்பி சாயங்காலம் விக்கெட் விழாமல் காக்க நைட் வாட்ச்மேனாக வந்த பந்துவீச்சாளன், அடித்தது 26. ஆனால் அந்த ஜோடி 139 ரன் சேர்த்து நாலாம் நாளில் பாதியை விழுங்கிவிட்டது. அவன் சீக்கிரம் போயிருந்தால் முந்தின நாளே விரட்டி முடித்திருக்கலாம். ஐந்தாம் நாள் ஆட்டம் இருந்திருந்தாலும் ஜெயித்திருப்போமா என்பதும் கேள்வி. சேவாக் டீக்கு முன்னால் முடித்திருப்பார் என்று அப்பா. முரளியின் 532 விக்கெட்டைத் தாண்டின கையோடு வார்னே சும்மா விட்டிருப்பாரா என்று நான். இருபத்தோரு வருஷமாக இந்தச் சண்டை ஓடுகிறது, நீ நடுவில் இல்லாமல் சலிப்பாக இருக்கிறது.

அதே சேப்பாக்கத்தில் 2016-ல் வர்தா புயல் டிசம்பர் 12 அன்று அடித்து, நாலே நாளில் டெஸ்ட் தொடங்கவில்லையா? கரி மூட்டி, தணலைத் தட்டில் வைத்து பிட்ச்மேல் காட்டிக் காயவைத்தார்கள். மரமெல்லாம் சாய்ந்து நம் வீட்டில் கரண்ட் இல்லை. அந்தப் பிட்சில்தான் கருண் நாயர் 303 அடித்தான். அவனை நினைத்துப் பார். முன்னூறு அடித்தவனை சில மேட்சிலேயே உட்காரவைத்து, எட்டு வருஷம் ஒரு டெஸ்ட்கூட ஆடவிடவில்லை. நடுவில் கர்நாடகாவிலும் இடமில்லாமல் விதர்பாவுக்குப் போனான். அவன் அதையெல்லாம் மறைக்கவில்லை. கிரிக்கெட்டே, இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடு என்று ஊரறியக் கேட்டான். இப்போது ஓவலில் 57. பெரிய ஸ்கோர் இல்லை, மான்செஸ்டரில் வெளியே உட்காரவைத்தும்தான் இருந்தார்கள். ஆனாலும் அவன் அம்மா டிவி முன்னால் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை நீ பேசும்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது. உங்கள் ஊரில் அப்போது காலை பதினோரு மணி. வீட்டிலிருந்தே வேலை என்றாய். சரி. அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான் சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆவடி மாமா டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு காந்தி சிலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்ததும், அத்தை தினமும் அந்த டப்பாவில் தயிர்சாதம் வைத்ததும் உனக்குத் தெரியாததா. அதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, கை போகிற போக்கில் வந்துவிட்டது.

உனக்குக் கிண்டியில் சீட் கிடைத்தபோது தாத்தா தெருவுக்கே கல்கண்டு கொடுத்தார். நீ எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாய் என்று அவர் சொன்னதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், கணக்கில் மார்க் குறைந்தால் ரேங்க் கார்டைப் பேப்பர் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு முகத்தை மட்டும் தூக்கிவைத்துக்கொள்வாய். உன் அக்கா அழுது தீர்த்துவிடுவாள். உன்னைத்தான் கண்டுபிடிக்கவே முடியாது.

அக்கா நன்றாக இருக்கிறாள். சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது. மாடி போர்ஷனுக்குப் புதுசாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது, வாடகை ஒழுங்காக வருகிறது. ஆகவே பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாசமும் வேண்டாம். அந்த விசா புதுப்பிக்கிற செலவெல்லாம் உனக்கு இருக்கும், அதற்கு வைத்துக்கொள். உன் ரூம், அக்கா பிள்ளைகள் வந்தால் தூங்குகிறார்கள், மற்றபடி அப்படியேதான் இருக்கிறது. ஃபேனை மட்டும் மாற்றினோம். டிசம்பரில் டிக்கெட் விலை ஏறும், செப்டம்பரில் குறைவு என்று சுதா சொன்னாள். சும்மா காதில் போட்டுவைக்கிறேன்.

காலில் சாக்ஸ் இல்லாமல் அந்தத் தரையில் நடக்காதே. ராத்திரி சாப்பாட்டுக்குப் பதில் பிஸ்கட் தின்னாதே, அதற்குத்தான் பொடி. நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடு.

இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. அவர் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஐந்தரைக்குப் பார்த்தசாரதி கோயிலுக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் திரும்புவார். அந்த நேரத்தில் வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். உங்கள் ஊரில் அது மதியம் ஒரு மணி. ஆபீஸ் நேரமாயிற்றே என்று பார்க்காமல் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா