மூலைமட்டத்தைப் பார்த்து என்ன பயம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தார் உலகத்தையே மறைவில் இருந்து ஆட்டிவைக்கிறார்கள் என்று போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை, செல்லூர் டீக்கடையில் ஒருத்தர் சத்தம் போட்டுப் படித்தார். முப்பது வருஷமாக வீடு கட்டிக் கொடுப்பவன் என்பதால் என் கண் படத்துக்குத்தான் போனது. அவர்கள் சின்னமான மூலைமட்டமும் (மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி) கவராயமும். கீழே 'சாத்தானின் முத்திரை' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மூலைமட்டம் எங்கள் கொத்தனார்கள் பையில் சிமெண்ட் ஒட்டிப்போய்க் கிடக்கிறது ஐயா.

ஃப்ரீமேசன்கள் சங்கதி தொடங்கியதே கல்வேலைக்காரர்களிடம்தான். பெரிய சர்ச் கட்டும் இடத்தில் கல் தச்சர்கள் வேலை பார்க்கப் போட்ட கொட்டகைக்குப் பெயர் 'லாட்ஜ்', பிறகு அங்கே கூடிய சங்கத்துக்கும் அதே பெயர். 1598-லேயே ஸ்காட்லாந்து ராஜாவின் கட்டட மேலாளர் வில்லியம் ஷா இவர்களுக்கு விதிமுறை எழுதிவைத்திருக்கிறார். ஊர் விட்டு ஊர் போகிறவனிடம் சர்டிபிகேட்டா இருக்கும், தொழில் படித்தவன்தான் என்று காட்ட ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதை எங்கள் மேஸ்திரியிடம் சொன்னேன். "அந்த வார்த்தையைச் சொன்னா கூலி கூடக் கிடைக்குமாண்ணே?" என்று கேட்டார். கட்டுரை எழுதியவரை விட அவருக்கு விஷயம் நன்றாகவே பிடிபட்டது.

அப்புறம் கொத்தனார் கரண்டி பிடிக்காத கனவான்கள் உள்ளே வந்தார்கள். 1717-ல் லண்டனில் நாலு லாட்ஜுகள் ஒரு மதுக்கடையில் கூடி 'கிராண்ட் லாட்ஜ்' என்ற தலைமைச் சங்கம் ஆயின. கல்வேலை போய்விட்டது, வார்த்தையும் கதவடைப்பும் மட்டும் தங்கிவிட்டன. சந்தேகம் வந்ததும் அங்கேதான். 1738-லேயே போப் தடை போட்டார். 1826-ல் அமெரிக்காவில் வில்லியம் மார்கன் என்பவர் ரகசியங்களைப் புத்தகமாகப் போடப்போகிறேன் என்றார், ஆளையே காணோம். அந்தக் கோபத்தில் இவர்களை எதிர்க்கவென்றே அங்கே ஒரு கட்சி கிளம்பியது. ஆக, எல்லாம் வீண்பழி என்றும் நான் சொல்லவரவில்லை. உள்ளே நடப்பதைச் சொல்லமாட்டேன் என்று கதவைச் சாத்தினால் வெளியே இருப்பவன் அவனாக ஒன்றைக் கட்டத்தான் செய்வான். சின்ன வயதில் அப்படி ஒரு பூட்டிய கட்டடத்தைப் பேய் பங்களா என்று நம்பி, சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடியவன்தான் நானும்.

ஆனால் கூட்டாகச் சேர்வது நமக்கென்ன புதுசா? நம் மதுரைப் பக்கம் மாங்குளம் மலையில் சமணர் குகைக்கு மேல் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்தில் 'வெள்ளறை நிகமத்தோர்' என்று வெட்டியிருக்கிறது, நிகமம் என்றால் வணிகர் சங்கம். பக்கத்தில் விருதுநகரில் உறவின்முறை என்ற சாதிச் சங்கத்தார் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கு பிடித்து 1889-ல் பள்ளிக்கூடமே திறந்தார்கள். இங்கிலாந்தில் 'ஆட்ஃபெல்லோஸ்' மாதிரிச் சங்கங்களும் வாரச் சந்தா வாங்கி, உறுப்பினர் நோயில் படுத்தால் உதவிப்பணம், செத்தால் அடக்கச் செலவு என்று கொடுத்தன. அரசாங்கக் காப்பீட்டுச் சட்டம் அங்கே 1911-ல்தான் வந்தது. அதுவரை கூலிக்காரனுக்கு யார் கதி?

இதில் ஒரு வரிகூடக் கட்டுரையில் இல்லை. சாத்தான்தான் வரிக்கு வரி வருகிறான். அடுத்த வாரம் தொடர்ச்சி வரும் என்று போட்டிருக்கிறீர்கள், சரி, வரட்டும். படத்துக்குக் கீழே மட்டும் 'மூலைமட்டம்' என்று போட்டுவிடுங்கள்.

ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை-2