சின்னவனுக்கு அம்மா எழுதுவது

அன்பு மகனுக்கு,

போன் எடுத்தால் "வேலையில இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். மத்தியானத்துக்கு மேல்தான் பேனா பிடிக்க முடிகிறது, விடியலில் விரல் மடங்குவதில்லை. முடக்குவாதத்துக்குக் கிழமைக்கு ஒரு நாள் போடுகிற மெத்தோட்ரெக்சேட் மருந்தை விடாமல் போடுகிறேன். என்னைப் பற்றி யோசிக்காதே.

அம்மாயிக்குக் கை கோணியதும் எனக்கு வந்ததும் பனியில் தேயிலைக் கொழுந்து பறித்ததால்தான் என்று தோட்டத்து லயத்தில் சொல்வார்கள். ஏ.எல். பயோ படிக்கிற தங்கச்சி வேறு கதை சொல்கிறாள். உடம்பின் காவலே தன் மூட்டைத் தாக்குகிற நோயாம் இது. அந்தக் காவலோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. என்கிற மரபணுவில் ஒரு வகை இருந்தால் வாய்ப்புக் கூடுமாம். கூடும், அவ்வளவுதான். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்கும் வருவது 100க்கு 15 அளவில்தானாம். துண்டு நட்டு வளர்த்த நம் வீ.பி. தேயிலை மலையிலும் எல்லாம் ஒரு தாய்ச்செடியின் துண்டுகள்தானே, ஆனாலும் பனி விலகாத பள்ளத்தில்தான் இலையில் கொப்புள நோய் விழுகிறது.

அப்போ மிச்சம் எதனால் என்று கேட்டேன். முதலில் சொன்னது சிகரெட். புகை நுரையீரலில் உள்ள புரதங்களை மாற்றிவிடுமாம். அந்த மரபணு உள்ளவர்கள் உடம்பு அதை வேற்றுப் பொருள் என்று நினைத்து எதிர்க்கத் தொடங்குமாம், மூட்டு வீங்குவதற்குப் பல வருஷம் முன்னாலேயே. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் இல்லை, பெருக்கல் என்கிறாள். பொம்பளைகளுக்குத்தான் இரண்டு மூன்று மடங்கு அதிகம், சரி. பெரிய மாமா ஆம்பளைதானே, அவருக்கும் வந்ததே? அவர் பீடியை விட்ட நாள் உண்டா?

உன்னைச் சொல்லவில்லை. நம் லயத்திலிருந்து கொழும்பில் கணக்கு ஆபீசுக்குப் போனவன் நீ ஒருத்தன். கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா அதைத்தான் சொல்கிறார். ஆனால் தீபாவளிக்கு வந்தபோது உன் நீலச் சட்டையைத் துவைத்தது நான். பையில் இருந்த லைட்டர் என் லாச்சியில் இருக்கிறது. அப்பா பார்க்கவில்லை.

ஈறில் ரத்தம் வருகிறது என்றாயே, பல் டாக்டரிடம் காட்டு. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டாம். காலையில் விரல் விறைத்துக் கிடந்தால் மறைக்காதே. புகைப்பதை விட்டவர்களுக்கு வருஷம் போகப் போக ஆபத்து குறைகிறதாம். விட்டவர்களுக்கு.

பொங்கலுக்கு லீவு கேட்டாயா? கடைசி பஸ்ஸில் வராதே. ஹட்டனில் இறங்கியதும் போன் பண்ணு, அப்பா ஆட்டோ அனுப்புவார்.

அம்மா