தவிடு நீக்கிய அரிசியும் நீக்காத அரிசியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ளை அரிசியை விரும்புவோரை அறியாதவர்கள் என்றும், பழுப்பு அரிசி உண்போர் மட்டுமே உடல்நலம் பேணுபவர்கள் என்றும் பிரித்துப் பேசும் போக்கு வருத்தமளிக்கிறது. தீட்டிய அரிசி விரைவில் வேகிறது, மென்மையாக இருக்கிறது, உடன் உண்பது எதுவாயினும் அதன் சுவையை மறைப்பதில்லை; ஈரமும் காற்றும் புகாமல் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடுவதுமில்லை. பழுப்பு அரிசியிலோ, தவிட்டில் உள்ள எண்ணெய் சில மாதங்களிலேயே சிக்கு வாடை வீசத் தொடங்குகிறது. ஊறவைக்காவிட்டால் வேகவும் ஏறத்தாழ இரு மடங்கு நேரமாகிறது. எரிபொருளை எண்ணிச் செலவிடும் வீட்டுக்கு இது சிறிய காரணமன்று.

ஆயினும், நார்ச்சத்து, பி வைட்டமின்கள், மெக்னீசியம் ஆகியவற்றின் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுந்ததையும், தவிடு சேர்த்ததும் அவை தேறியதையும் 1890களில் ஜாவாவில் கண்டறிந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மேன், 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆர்செனிக் நஞ்சும் தவிட்டில்தான் கூடுதலாகத் தங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது பி வைட்டமின்களில் ஒரு பகுதி உள்ளே ஊடுருவி, தீட்டிய பின்னும் தங்கிவிடுகிறது. புழுங்கலரிசி என்னும் இந்த நடுவழியைச் சத்துணவு பற்றி எழுதுவோர் விரிவாக எடுத்துரைக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்