குசினி சிங்க் நாற்றம்: முதலில் வளைவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கச்சான் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து உப்புவெளிப் பக்கம் எனக்குத் தெரிந்த வீடுகளில் ஒரே முறைப்பாடு, குசினி சிங்கில் நாற்றம். உடனே கடைக்குப் போய்க் கண்ணில் பட்ட போத்தலை வாங்கி ஊற்றுகிறார்கள். கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் பழையபடிதான். காசு வீணாவது ஒரு பக்கம், சிலர் ஊற்றுகிற விதம் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கின் கீழே குனிந்து பாருங்கள். குழாய் யூ வடிவில் வளைந்து போக வேண்டும், இல்லாவிட்டால் போத்தல் மாதிரி ஒரு கிண்ணம் பூட்டியிருக்க வேண்டும். அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும், கானிலிருந்து வரும் வாயுவை மேலே விடாமல் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். 1775ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் கமிங் என்ற மணிக்கூடு செய்பவர் மலசலகூடத்துக்கு இப்படியொரு வளைவை வைத்துக் காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனால் இன்றைக்கும் இங்கே பல வீடுகளில் வரிவரியான பிளாஸ்டிக் ஹோஸ் ஒன்றை நேரே கானுக்குள் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அந்த வீட்டில் எதை ஊற்றினாலும் நாற்றம் நிற்காது. ஹோஸின் அடிப்பகுதியை மேலே வளைத்து, தண்ணீர் தங்குகிற மாதிரி இறுக்கிக் கட்டுங்கள். அது பெரிய குழாய்க்குள் போகிற இடத்தில் இடைவெளி இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள், கரப்பான் வருவதும் அந்த வழியால்தான்.

வளைவு இருந்தும் நாறுகிறதா? வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய் வந்த பிறகு என்றால், இந்த வெக்கைக்குத் தண்ணீர் வற்றியிருக்கும், ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரி. தினமும் புழங்குகிற சிங்க் என்றால் காரணம் அழுக்குத்தான். சூடை மீன் கழுவிய தண்ணீர், தேங்காய்ப்பால் சட்டி, பொரித்த எண்ணெய் எல்லாம் குழாயின் உட்புறத்தில் வழுவழுவென்று படியும், பக்டீரியா அதில் பெருகி அழுகிய முட்டை மணத்தைக் கிளப்பும். கீழே வாளி வைத்துவிட்டு அந்தக் கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். சாம்பல் நிறத்தில் கூழ் போல ஒன்று, கறிவேப்பிலை, கடுகு, மீன் செதிலோடு பொத்தென்று விழும். பழைய பல் துலக்கும் பிரஷால் உள்ளே தேய்த்து, சிங்கின் மேல்பக்கத்தில் இருக்கிற சின்ன ஓட்டையையும் (அதை யாரும் தொடுவதேயில்லை) தேய்த்து, ரப்பர் வாசரைத் தொலைக்காமல் திரும்பப் பூட்டுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த சுடுதண்ணீர் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம், பிவிசி குழாய் இளகிப் பொருத்துகள் விட்டுவிடும்.

அப்பச்சோடாவும் வின்னாகிரியும் சேர்த்து ஊற்றினால் நுரை பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால் பெரிதாக ஒன்றும் கழுவுப்படாது. சோடாவை மட்டும் இரவில் போட்டு, காலையில் சுடுதண்ணீர் விடுவது மேல்.

இதைக் கட்டாயம் பிரசுரியுங்கள்: மலசலகூடம் கழுவுகிற அமிலத்தையும் குளோரினையும் ஒரே குழாயில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஒன்றை ஊற்றிச் சரிவரவில்லை என்று அடுத்ததை ஊற்றுகிறார்கள், அதில் எழும்புவது குளோரின் வாயு. யன்னல் ஒன்றே உள்ள குசினியில் அது நெஞ்சையும் கண்ணையும் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. தெரியாமல் ஊற்றிவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

எண்ணெய்ச் சட்டியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், மீன் கழுவிய தண்ணீரை வாழையடியில் ஊற்றுங்கள், பாதி வேலை குறைந்துவிடும். புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று: மேசனுக்குக் கடைசிக் காசைக் கொடுப்பதற்கு முன்னர் சிங்கின் கீழே பாருங்கள், வளைவு இல்லாவிட்டால் பூட்டித்தரச் சொல்லுங்கள்.

வாசகி,
உப்புவெளி, திருகோணமலை